அவள் பேருக்கு வந்த செய்திகள்

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் என் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு அறை, ஒரு மேசை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், அவ்வளவுதான். மியூச்சுவல் ஃபண்டில் மாசாமாசம் பணம் சேர்க்க நினைப்பவர்களுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்து, பிறகு அதைப் பற்றி அவர்களுக்கு அவ்வப்போது விவரம் சொல்லிக்கொண்டிருப்பது என் தொழில்.

எங்கள் பக்கம் சீட்டு என்றால் தெரியும். நகை தெரியும், நிலம் தெரியும். "போட்ட காசு கூடவும் செய்யும், குறையவும் செய்யும், ஆனா விட்டு வெச்சா வளரும்" என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கம்பெனியிலிருந்து வரும் தகவலெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, மார்க்கெட் விழுந்தது என்று டிவியில் சொன்னதும் எனக்குப் போன் அடிப்பார்கள். அதனால்தான் நானே மாத ஆரம்பத்தில் ஒரு குரல் பதிவு அனுப்ப ஆரம்பித்தேன். போன மாசம் என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, நாம் என்ன செய்ய வேண்டும், இவ்வளவையும் நம்ம ஊர்ப் பேச்சில் சொல்லி வாட்ஸாப்பில் எல்லாருக்கும் போட்டுவிடுவேன்.

என் கணவர் போர்வெல் மோட்டார் விற்பவர். நான் பதிவு செய்ய உட்கார்ந்தால், "வானிலை அறிக்கை ஆரம்பிச்சாச்சா? இன்னைக்கு மழையா, வெயிலா?" என்பார். ஒரு தடவை நடுவில் குக்கர் விசில் அடித்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி பேச அலுப்பாக இருந்ததால் அப்படியே அனுப்பிவிட்டேன். அந்த மாதம் யாரும் மார்க்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "இன்னைக்கு என்னங்க கொழம்பு?" என்றுதான் கேட்டார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தி, இண்டூர் பக்கத்திலிருந்து பேசிய ஒரு பள்ளிக்கூடப் பெண். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவளுடைய அப்பா தனியார் டவுன் பஸ் ஓட்டுகிறவர். அம்மா மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறவள். பட்டுக்கூடு விற்க தருமபுரி அங்காடிக்கு வந்த ஒரு நாள், அந்த அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு என் மாடிப்படி ஏறி வந்தாள். பெண் யூனிஃபார்மில் இருந்தாள். இரட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்து கிடந்தது. நாற்காலியில் உட்காராமல் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரையும் பேனாக் குவளையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ பேருலதான் போடணுமுங்க" என்றாள் அம்மா. "எங்க பேருல இருந்தா ஏதாச்சும் அவசரம்னா எடுத்துருவோம். புழுவுக்கு நோவு வந்துச்சுன்னா எடுப்போம், இவங்கப்பா லைசென்ஸ் செலவுன்னா எடுப்போம். இவ பேருல இருந்தா கை வெக்க மனசு வராது."

மைனர் பேரில் கணக்கு, அம்மா கார்டியன். அம்மா தமிழில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் இருக்கும் போன் நம்பரைக் கொடுத்தாள். பஸ் ஓட்டும் மனுஷன் போன் எடுக்க முடியாது என்பதால், கம்பெனியிலிருந்து வரும் செய்தியெல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும் என்று ஏற்பாடு. கணக்கு அந்தப் பெண்ணுடையது என்பதால் ஒவ்வொரு செய்தியும் அவள் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கும். முதல் செய்தி வந்த அன்றே அவள் எனக்குப் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, எனக்கு மெசேஜ் வந்திருக்கு. 'டியர்'னு போட்டு என் பேரு போட்டிருக்காங்க!"

அதற்கப்புறம் என் பதிவு போன மாலையெல்லாம் அவளிடமிருந்து போன் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, புழுவுக்கு இலை போட்டுவிட்டு, அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பேசுவாள் என்று நினைக்கிறேன். பின்னால் ஆடு கத்தும் சத்தம் கேட்கும். எடுத்ததும் சண்டைதான்.

"ஆன்ட்டி, போன மாசமும் 'பொறுமையா இருங்க'ன்னு சொன்னீங்க. இந்த மாசமும் அதேதான். வேற டயலாக்கே கெடையாதா?"

"வேற என்னடி சொல்றது? பொறுமையாத்தான் இருக்கணும்."

"எங்க மிஸ்ஸும் இப்படித்தான். எதக் கேட்டாலும் 'படிங்க, படிங்க'ன்னு."

ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். விலை இறங்கும் மாதத்தில் அதே பணத்துக்குக் கூடுதல் யூனிட் கிடைக்கும் என்று நான் ஒரு தடவை சொன்னதை, தக்காளி விலையோடு சேர்த்து அப்பாவுக்கு விளக்கியிருக்கிறாள். "தக்காளி வெல இறங்குனா பை நெறையுதில்ல, அது மாதிரிப்பா" என்றாளாம். டிரைவர் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைப் பார்த்து இதைச் சொல்லிச் சிரித்தார். அதற்கப்புறம் என் பதிவுகளில் நானும் தக்காளியைத்தான் உதாரணமாகச் சொன்னேன்.

ஒரு நாள் கேட்டாள்: "பதினெட்டு ஆச்சுன்னா நானே கையெழுத்துப் போட்டு எடுக்கலாமா ஆன்ட்டி? யாரையும் கேக்க வேணாமா?"

"வேணாம்."

"அம்மாவக் கூடவா?"

"அம்மாவக் கூடத்தான்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "கேட்டுக்கம்மா! உன்னக்கூட கேக்க வேணாமாம்!" என்று கத்தினாள். உள்ளேயிருந்து அம்மா ஏதோ திட்டுவது கேட்டது. பணம் எடுத்ததும் முதலில் ஒரு ஸ்கூட்டி, அதில் தருமபுரி வந்து காலேஜ், என்னையும் பின்னால் உட்காரவைத்து ஒகேனக்கல் கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

அவள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த வருஷம், மழைக்காலத்தில், நான் பதிவு போட்டும் அவளிடமிருந்து போன் வராமல் போனது. பரீட்சையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சில நாள் கழித்துக் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மேலே ஏறி வந்தார். அவருக்கும் இண்டூர் பக்கம்தான். வாசலிலேயே நின்றார்.

"அக்கா, உங்ககிட்ட பணம் போடுவாங்களே, டவுன் பஸ் டிரைவர்... அவரு பொண்ணு தவறிடுச்சுக்கா. காய்ச்சலுங்க. இங்க பாத்து, சேலத்துக்குக் கொண்டு போயிருக்காங்க. தாங்கல."

நான் ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அந்த வாரம் அனுப்பிய பதிவில் "எல்லாருக்கும் சந்தோஷமான மாசம் இது" என்று சொல்லியிருந்தேன். மார்க்கெட் நன்றாக ஏறியிருந்தது. அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி மல்பெரித் தோட்டத்து வரப்பில் நடக்கும்போதே ஒரு நாற்றம் அடித்தது. பட்டுப்புழு ஒரு வேளை இலை தவறினாலே வாடிப்போகிற ஜீவன். வீட்டில் எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் யாரும் இலை போடவில்லை. கூடு கட்டும் பருவத்துக்கு வந்திருந்த புழுக்கள் தட்டுத் தட்டாகச் செத்துப்போயிருந்தன. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, தட்டுகளைக் கொண்டுபோய்த் தோட்டத்து மூலையில் வெட்டிய குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "மேடம் வந்திருக்காங்க, தண்ணி கொண்டாங்க" என்று யாரிடமோ சொன்னாள். அவள் அழவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையில் மல்பெரிக் கறை அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கிளம்பும்போது, "அவ உங்ககிட்ட ரொம்ப வாயாடுவாளுங்க" என்றாள். "ஆமாங்க" என்றேன்.

மாதம் ஒன்று போயிருக்கும். டிரைவர் என் மாடிக்கு வந்தார். காக்கிச் சட்டை. மொட்டை அடித்த தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது.

"இத என்ன பண்றதுங்க?" என்றார்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கணக்கு அவள் பேரில் இருப்பதால் இனி அதில் பணம் போடக்கூடாது. டெத் சர்டிபிகேட்டையும் வாரிசுக்கான காகிதங்களையும் கொடுத்தால், இருப்பது அப்பா அம்மாவுக்கு வரும். கணக்கு முடிந்துவிடும். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். "முடிச்சுருங்க. மாசாமாசம் அந்த மெசேஜ் வர்றத என்னால பாக்க முடியலீங்க" என்றார். காகிதங்களோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வரவில்லை. அடுத்த மாதப் பதிவை அவர்கள் நம்பருக்கு அனுப்பாமல் விட்டேன். இந்த நேரத்தில் ஏறுச்சு, இறங்குச்சு என்று பேசி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அன்று மாலையே அந்த நம்பரிலிருந்து போன். ஒரு நொடி எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எடுத்தால், அம்மா.

"எனக்கு இந்த மாசம் வரலீங்களே?"

"அனுப்பலைங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"அனுப்புங்க." அப்புறம் சொன்னாள்: "இவரு உங்ககிட்ட வந்து முடிக்கச் சொன்னாராமே. முடிச்சுறாதீங்க மேடம். ரேஷன் கார்டுல அவ பேர எடுத்துட்டாங்க. ஸ்கூல்லயும் எடுத்துட்டாங்க. அவ டிசிய இவரு போயி வாங்கிட்டு வந்தாரு. கம்பெனிக்காரங்க மட்டுந்தான் இன்னும் அவள பேரு சொல்லிக் கூப்புடறாங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. ஆனா அவ பேரு எப்படி இருக்கும்னு தெரியும்."

விதி என்னவென்று மறுபடியும் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். "தெரியுமுங்க. இவரும் சொன்னாரு. கொஞ்ச நாளுங்க" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. பார்க்கும்போதெல்லாம் காகிதங்களைக் கேட்பேன். "கொண்டாறோமுங்க" என்பார்கள். காகிதம் அவர்கள் வீட்டிலிருந்து வர வேண்டியது. பிடுங்கிக்கொண்டு வர என்னால் முடியவில்லை.

அன்றிலிருந்து என் பதிவுக்கு மகளுக்குப் பதிலாக அம்மா போன் செய்ய ஆரம்பித்தாள். மகளைப் போலச் சண்டை போட மாட்டாள். மார்க்கெட்டைப் பற்றி எதுவும் கேட்க மாட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"அவளோடது வளந்திருக்குதுங்களா?"

"வளந்திருக்குதுங்க."

"செரிங்க."

ஒரு மாதம் நன்றாக இறங்கிவிட்டது. என் சேமிப்பாளர்கள் எல்லாரும் அலறிக்கொண்டு போன் செய்தார்கள். எல்லாருக்கும் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இந்த அம்மா.

"இந்த மாசம் எளச்சுருச்சுங்களா?" என்று கேட்டாள்.

மற்றவர்களிடம் சொன்ன எந்த வார்த்தையையும் அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை. "கொஞ்சம்தாங்க. தேறிடும்" என்றேன். சொன்ன பிறகுதான் எதைப் பற்றிச் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. முதன்முதலாக அன்றுதான் அவள் அழுது கேட்டேன். வெகுநேரம் அழுதாள். நான் போனை வைக்கவில்லை. என் கணவர் சாப்பிடக் கூப்பிட வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

டிரைவரை பஸ் ஸ்டாண்டில் அவ்வப்போது பார்ப்பேன். "எனக்கு வேணாமுங்க. அவங்கம்மா இருக்கட்டுங்கறா. அவளுக்கோசரம் விட்டுட்டேன்" என்பார். சம்பளம் வந்ததும் தவணைக்கான பணத்தை பேங்கில் போட்டுவைப்பது அவர்தான். அதைச் செய்துகொண்டே, அந்தச் செய்தி வரும் தேதியில் மட்டும் வீட்டுக்குச் சீக்கிரம் போகாமல் பஸ் ஸ்டாண்டு பக்கமே சுற்றிக்கொண்டிருப்பார் என்று அவரோடு வேலை பார்க்கும் கண்டக்டர் சொன்னார்.

இப்படியே வருஷம் ஒன்று போய் இரண்டாவதும் போனது. பிறகு வேறொரு செய்தி வந்தது.

மைனர் பேரில் இருக்கும் கணக்கில், பிள்ளைக்குப் பதினெட்டு நெருங்கும்போது கம்பெனியிலிருந்து அறிவிப்பு அனுப்புவார்கள். நீங்கள் மேஜர் ஆகப்போகிறீர்கள், இனி கார்டியன் செல்லாது, உங்கள் கையெழுத்தையும் அடையாளச் சான்றையும் கொடுங்கள், இல்லாவிட்டால் தவணை நின்றுவிடும் என்று இருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் போவதுதான். எத்தனையோ வீடுகளில் இந்தச் செய்தியைக் கொண்டுவந்து காட்டி, "எங்க புள்ள பெரிய மனுஷி ஆயிட்டா பாருங்க" என்று எனக்கு இனிப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

இது வரும் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவும் நாளை எண்ணிக்கொண்டிருந்திருப்பாள். ஆனாலும் போனில் அவள் குரல் வித்தியாசமாக இருந்தது. புதுசாக ஒரு சேதி வந்திருப்பதைச் சொல்கிற குரல்.

"மேடம், அவளுக்குப் பதினெட்டு ஆகப்போகுதாமுங்க. கம்பெனியிலருந்து போட்டிருக்காங்க. மல்பெரி எல வாங்க வந்த பையனக் கேட்டேன், படிச்சுச் சொன்னான்."

"ஆமாங்க."

"இனிமே இது தொடர்ந்து வரணும்னா என்னங்க செய்யணும்?"

"அதுங்க..." என்று இழுத்தேன்.

"சொல்லுங்க."

"அவதாங்க கையெழுத்துப் போடணும்."

பின்னால் ஆடு கத்தியது. பிறகு, "செரிங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரமே இரண்டு பேரும் வந்தார்கள். டிரைவர் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தார். காகிதமெல்லாம் அதில் இருந்தது. எப்போதோ வாங்கி பீரோவில் வைத்திருந்திருக்கிறார். கையெழுத்து நான் போடுகிறேன் என்று அவர் பேனாவை எடுத்தபோது அம்மா தடுத்தாள்.

"நான் போடறேன். நாந்தான ஆரம்பிச்சேன்."

காட்டிய இடத்திலெல்லாம் எழுத்துக் கூட்டிப் போட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி பஸ் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் நான் டீ சொன்னேன். குடித்தார்கள். டம்ளரை வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டாள்: "பதினெட்டு வரைக்கும் அவ இருந்தான்னு கம்பெனிக்காரங்க நெனச்சுக்கிட்டு இருந்தாங்க இல்லீங்களா?"

"ஆமாங்க, கம்பெனிக்குத் தெரியாதில்ல" என்றேன்.

"அது போதுமுங்க."

படி இறங்கும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர்ப் பக்கம் அந்த வயசில் புருஷன் பெண்டாட்டி தெருவில் கை பிடித்து நடப்பதில்லை. பேருந்து நிலையத்துக்குள் போகும்வரை அவர் விடவில்லை.

பணம் அவர்கள் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கில் இனி எதுவும் இல்லை என்று அவள் பேர் போட்டுக் கடைசியாக ஒரு செய்தி போயிருக்கும். அதைப் பற்றி அந்த அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாத ஆரம்பத்தில் கூப்பிட்டாள்.

"இந்த மாசம் ஒண்ணும் வரலீங்க" என்றாள்.

"இனிமே வராதுங்க."

"தெரியுமுங்க. சும்மா சொல்லணும்னு இருந்துச்சு." புழு மறுபடி வைத்திருப்பதாகவும், கடைசியான நாலாவது தோலும் உரித்திருப்பதாகவும் சொன்னாள். இலை பறிக்கப் போக வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

போன மாசம் ஒரு நாள் பென்னாகரம் போக வேண்டியிருந்தது. அங்கே வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் புதிதாகச் சேமிக்க ஆசைப்பட்டாள். தருமபுரிக்கு வந்திருந்தவள் என்னோடு சேர்ந்தே பஸ் ஏறினாள். மடியில் கைக்குழந்தை. ஏறிய பிறகுதான் பார்த்தேன், அந்த டிரைவர். கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்குப் பின்னாலிருந்த பெண்கள் சீட்டில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது.

அந்தப் பெண் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். எந்த ஃபண்ட் நல்லது, எத்தனை வருஷம் விட வேண்டும், பாப்பா பேரிலேயே போட்டால் நல்லதுதானே என்று. நான் சொல்லிக்கொண்டு வந்தேன். இண்டூரில் பஸ் நின்றது. கண்டக்டர் கீழே இறங்கி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். என்ஜினை நிறுத்திவிட்டு டிரைவர் திரும்பினார். குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்து எச்சில் ஒழுகச் சிரித்தது.

"போடுங்கம்மா. நல்லதுதான், போடுங்க" என்றார். "ஆனா புள்ள பேருல போடாதீங்க. உங்க பேருல போட்டுக்குங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. இந்த ரோட்டில் பள்ளம் இருக்கிறது என்று இன்னொரு டிரைவரிடம் சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏங்க அப்படிச் சொல்றாரு?" என்று என் காதில் கேட்டாள். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியும் செய்யலாங்க, உங்க பேருலயே போட்டுக்கலாம்" என்றேன்.

கண்டக்டர் ஏறி விசில் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் முதுகில் பையோடு ஓடிவந்து தொற்றி ஏறினார்கள். எல்லாரும் ஏறி முடிக்கும்வரை அவர் பொறுத்திருந்து, பிறகு வண்டியை எடுத்தார்.